நல்லாயிருக்கான் என்று சொல்லாத வீடு

எங்கள் ஊரில் யாரிடமாவது போய், உங்கள் மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உண்மை வராது. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே பொள்ளாச்சி பஸ் போகிற சாலையை ஒட்டி எங்கள் ஊர். உள்ளே நுழைந்ததும் பால் சொசைட்டி. அங்கே பாலை அளந்து வாங்குவது என் வேலை. கேன் கொள்ளாத பாலைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "என்னமோ கறக்குதுங்க, முன்ன மாதிரி இல்லீங்" என்று முகத்தைத் தொங்கப் போடுவார்கள். நான் அளந்துகொண்டிருக்கிறேன், எதிரே மிஷின் பாலின் கொழுப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். இருந்தாலும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாள் மாடு மடி சுருங்கி நிற்கும் என்று பயம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பையன் ஆரம்பத்தில் இந்த ஊரே பொய்யர் கூட்டம் என்று நினைத்துவிட்டான். நாலு மாதத்தில் அவனும் தன் புது பைக்கை "பழைய வண்டிதாங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டான்.

மாட்டுக்கே இப்படி என்றால் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாரும் என் மகனைப் பற்றி விசாரிப்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். எனக்கு மட்டும் முதுகுத்தண்டில் சில்லென்று ஏறும். என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "எங்கீங்க, சளி விடவே மாட்டேங்குது, பாலும் குடிக்கறதில்ல, தேறற மாதிரி தெரியலீங்." இதை நான் சொல்லும்போது மகன் வீட்டில் தொட்டிலைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருப்பான். வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுச் சிரிப்பான். கையும் காலும் மடிப்பு மடிப்பாக இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்பதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சுவருக்கும் காது உண்டு என்று நிஜமாகவே நம்பினேன். இதை நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உங்களுக்கு ஒரு பிள்ளை போயிருந்தால் நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். எட்டு மாதம் இருந்தாள். ஆடி மாதக் காற்று மலைக் கணவாய் வழியே புகுந்து வீட்டுக் கதவுகளை அறைந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவளுக்கு முடியாமல் போனது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னால், ஆனிக் கடைசியில்தான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தோம். பட்டுப் பாவாடை கட்டி, பொட்டு வைத்து, கண்டவர்கள் கையில் எல்லாம் அவளைக் கொடுத்தேன். மண்டபத்தில் அவள் மடி மாறி மடி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். யார் யாரோ கொஞ்சினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் சளி பிடித்தது. பிறகு காய்ச்சல். மருந்துக்கடையில் சொல்லி ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தோம்.

எங்களுக்கெல்லாம் காய்ச்சலைத்தான் பார்க்கத் தெரியும். கழுத்தில் கை வைத்துப் பார்ப்போம், சுட்டால் பயப்படுவோம், சுடாவிட்டால் நிம்மதி. அவளுக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது. அதனால் நிம்மதியாக இருந்தோம். பால் குடிக்கவில்லை, மூச்சு மட்டும் ஓடி வந்தவள் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தது. சளிதானே, இறங்கிவிடும் என்று இருந்தோம். என் மாமியார் மிளகாயும் உப்பும் எடுத்து அவளைச் சுற்றி அடுப்பில் போட்டார். கண் படாத பிள்ளை என்றால் மிளகாய் நெடி வீட்டையே தூக்கும், கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது கணக்கு. அன்று நெடி வரவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

கண் பட்டுத்தான் போனாள் என்று ஊர் முடிவு செய்தது. நானும் முடிவு செய்தேன். யார் கண் என்பதுதான் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஒருத்தியைக் கண்டு ஒதுங்கியிருப்பேன், சபித்திருப்பேன், என் நாக்கின் காரம் ஊருக்கே தெரியும். தெரியாததால் எல்லார் கண்ணும் அந்தக் கண்ணாகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் கண், பால் கேனோடு நிற்கிறவர் கண், என் சொந்தத் தங்கை கண். மனிதர்களைப் பார்த்தாலே பயம் வந்தால் எப்படிப் பிழைப்பது? பிழைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு பாலை அளந்தேன்.

மகன் பிறந்ததும் அந்தப் பயம் பத்து மடங்காகிவிட்டது. முதல் பிள்ளை போன வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்த வீட்டு அக்காவுக்கு விற்றோம். அக்காவுக்கு என் அம்மா வயது இருக்கும், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே அவர்தான். ஒரு முறம் தவிட்டை எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் பையனை வாங்கிக்கொண்டார். பிறகு வளர்க்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். அன்று முதல் பேச்சுக்கு அவன் அக்கா பிள்ளை. எமனோ, கண்ணோ, எது வந்தாலும் விலாசம் தப்பிப் போகட்டும் என்று ஏற்பாடு. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நானும் பட்டதாரிதான். பட்டம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அந்த நாட்களில் எனக்கு ஞாபகம்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் காய்கறி வண்டி ஓட்டுகிறார். வேலந்தாவளம் சந்தைக்கும் கோயம்புத்தூருக்குமாக ஓட்டம். கலகலப்பான மனிதர். மகள் இருந்தபோது போனில் அவள் படமாக நிரப்பி வைத்திருந்தார். மகனை ஒரு படம் எடுக்கவில்லை. பஸ்ஸில் போனால் தன் துண்டால் பிள்ளையின் தலையை மூடிக்கொள்வார். எங்களுக்குள் ஒரு பேச்சு முறை தானாக வந்துவிட்டது. நான் போனில், பையனுக்கு முடியவில்லை என்றால், பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், அவர்கள் காதுக்காகச் சொல்கிறேன் என்று அர்த்தம். அவரும் அங்கிருந்து அடடா என்று வருத்தமாகப் பேசுவார். போனை வைத்தபின் இரண்டு பேருக்கும் ஒரு திருப்தி இருக்கும். பிள்ளையை இன்னும் ஒரு நாள் ஒளித்து வைத்துவிட்டோம் என்ற திருப்தி அது.

தடுப்பூசிக்கு முதல் தடவை ஒழுங்காகப் போனோம். அரசு சுகாதார சப் சென்டரில் வராந்தாவில் தராசு, சுற்றிலும் பெண்கள், எல்லார் மடியிலும் பிள்ளைகள். நர்ஸ் நல்லவர், ஆனால் குரல் மைக் வைத்த மாதிரி. மகனைத் தராசில் போட்டுவிட்டு எடையை உரக்கச் சொன்னார். "மிடுக்கன்!" என்று மலையாளத்தில் கெட்டிக்காரப் பட்டம் கொடுத்துக் கன்னத்தைக் கிள்ளினார். எல்லாத் தலைகளும் திரும்பின. சாயங்காலம் அவனுக்கு உடம்பு சுட்டது. ஊசி போட்டால் அப்படிச் சுடும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். என் மனம் கேட்கவில்லை. அந்தத் தராசும் அத்தனை முகங்களும்தான் கண்முன் நின்றன.

அடுத்த ஊசிக்குப் போகவில்லை. நர்ஸ் ஆள் விட்டுக் கேட்டபோது, சளியாக இருக்கிறது, தேறட்டும் என்றேன். அதற்கடுத்த முறையும் அதையே சொன்னேன். ஒரு நாள் அவரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, மகனைத் தூக்கி, நெஞ்சில் காது வைத்துப் பார்த்து, ஒரு சளியும் இல்லை என்று மலையாளத்தில் என்னைச் செல்லமாகத் திட்டிவிட்டுப் போனார். கட்டாயம் வா என்றார். சரி என்று தலையாட்டினேன். போகவில்லை. எந்த வியாதி வரக்கூடாது என்று ஊசி போடுகிறார்களோ, அந்த வியாதி இருக்கிறது என்று சொல்லியே ஊசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மார்கழி வந்தது. எங்கள் பக்கத்தில் மார்கழிக் காற்றில் ஈரம் இருக்காது, புழுதிதான் இருக்கும். உதடு வெடிக்கும். மகனுக்கு ஒன்பது மாதம் நடந்துகொண்டிருந்தது. மூக்கு ஒழுகியது, கொஞ்சம் இருமினான், காய்ச்சல் வந்தது, போனது. காய்ச்சல் போனதும் நான் வழக்கம்போல நிம்மதியானேன். சொசைட்டிக்குப் போகும்போது அவனை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். அன்றும் விட்டேன். திரும்பி வந்தபோது தொட்டிலில் கிடந்தான். அக்கா, பால் வேண்டாம் என்று தூங்கிவிட்டான் என்றார். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக என் தோளில் வந்ததும் தலைமுடியைப் பிடித்து இழுப்பான். அன்று கை தொங்கியது.

மடியில் போட்டு மாரைக் கொடுத்தேன். வாயில் வாங்கினான், ஒரு இழுப்பு இழுத்தான், விட்டுவிட்டான். மூச்சு விட நேரம் போதாதவன் மாதிரி இருந்தான். மறுபடி கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூச்சு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு விரிந்து விரிந்து மூடியது. சட்டையை மேலே தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்து போனது. வெளியே வந்தது, மறுபடி குழிந்தது. மடிப்பு மடிப்பான அந்த வயிற்றுக்கு மேலே அப்படி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை முன்பே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று நினைக்க மனம் மறுத்தது.

ஓடினேன். வெளியே குழாயடியில் அக்காவும் ஊர்ப்பெண்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, பையன் பாலே குடிக்க மாட்டேங்கறானுங்க. மூச்சு வாங்குது."

அக்கா குடத்தை நிமிர்த்தி வைத்தார். என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பெண்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எனக்கு ஒத்து ஊதினார். "ஆமா அம்மிணி, அது தேறற பிள்ளையா? பொறந்ததுல இருந்து அப்படித்தானே கெடக்குது" என்று சலித்துக்கொண்டார். இத்தனை மாதமும் எனக்காக அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே வசனம். அதே குரல். அந்தப் பெண்களும் அதற்குரிய இரக்கத்தோடு உச்சுக்கொட்டினார்கள். குடங்கள் நிறைந்துகொண்டிருந்தன. நான் தெருவில் நின்று கத்துகிறேன், யார் காதிலும் விழவில்லை என்பது போல இருந்தது.

போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சந்தை இரைச்சலில் அவர் குரல் கேட்டது. பையனுக்கு முடியவில்லை, சீக்கிரம் வாங்க என்றேன்.

"பக்கத்துல யாரு நிக்கறாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை என்ன சொல்வது? மகள் செத்த அன்றுகூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை, அன்று துக்கம்தான் இருந்தது. நானே கட்டிய வேலிக்குள் நானும் என் பிள்ளையும் மாட்டிக்கொண்டோம். நிஜமாகவே முடியவில்லை என்று சொல்வதற்கு என்னிடம் வேறு வார்த்தை இல்லை. இருந்த வார்த்தைகளை எல்லாம் பொய்க்குச் செலவழித்துவிட்டேன்.

"நெசமாத்தான் சொல்றேன்," என்றேன். "சாமி சத்தியமா."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு வண்டிக் கதவை அடைக்கிற சத்தம் கேட்டு, போன் நின்றது.

நான் குழாயடிக்கே திரும்பிப் போனேன். இனி சொல்லிப் பயனில்லை என்று புரிந்திருந்தது. மகன் தலையில் இருந்த துணியை எடுத்து எறிந்தேன். சட்டையைக் கழுத்து வரை தூக்கி, நல்ல வெளிச்சத்தில், அந்த மூன்று பேர் முன்னால் அவனை நீட்டினேன். அந்தத் தராசு நாளுக்குப் பிறகு ஊர்க் கண்ணில் முழுசாகக் காட்டாத உடம்பு. "பாருங்க" என்றேன். பார்த்தார்கள். அந்தப் பள்ளம் அவர்கள் முன்னால் விழுந்து எழுந்தது. அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனை வாங்கிக்கொண்டார். ஒரு பெண் தன் கொழுந்தனின் ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள்.

ஆட்டோவில் அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டார். நான் மகன் மூக்கின் முன்னால் விரலை வைத்துக்கொண்டே போனேன். மூச்சு விரலில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வேகத்தடை வரும்போதெல்லாம் விரல் விலகிவிடும், அந்த நேரத்தில் உயிர் போய்விட்டதோ என்று மறுபடி மூச்சைத் தேடுவேன். வழியெல்லாம் தென்னந்தோப்பு. வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. சாலையில் போகிறவர்கள் எல்லாரும் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது எனக்கு ஆத்திரமாக வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம். வரிசையில் நின்றவர்கள் பிள்ளையைப் பார்த்ததும் தாமாக வழி விட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், மலையாளி, ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழ் பழகியவர். மகனைத் தொட்டதும் அவர் வேகம் கூடிவிட்டது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தார், ஆக்சிஜன் கொண்டு வரச் சொன்னார், பேசிக்கொண்டே நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"குட்டிக்கு எப்ப முதல் இப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். பயத்திலும் பழக்கம் விடவில்லை. பின்னால் வரிசையில் அத்தனை பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா? "பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க. சளி விட்டதே இல்லீங். பால் குடிக்கவே மாட்டான், தேறவே இல்லீங்" என்று கடகடவென்று ஒப்பித்தார். என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னார்.

டாக்டரின் கை நின்றது. பிறந்ததிலிருந்தேவா என்று திரும்பக் கேட்டார். பால் குடிக்கும்போது வியர்க்குமா, உதடு நீலமாகுமா, முன்னாலும் இப்படி மூச்சு வாங்குமா என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் மலையாளத்தில், இருதயத்தில் கோளாறாக இருக்கலாம், அப்படியென்றால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது, திருச்சூருக்கு அனுப்ப வேண்டும், ஆம்புலன்ஸ் இருக்கிறதா பார் என்றார். எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். திருச்சூர் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். அவ்வளவு தூரம் அவன் மூச்சு தாங்குமா?

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். எனக்கு வாய் எழவில்லை. அதைச் சொன்னால் அந்த நொடியே அவன் போய்விடுவான் என்று ஒரு பக்கம். சொல்லாவிட்டால் வழியில் போய்விடுவான் என்று இன்னொரு பக்கம். பின்னால் இருக்கிற கண்கள் எல்லாம் என் முதுகில் இருந்தன. மகனின் விலா குழிந்து எழுந்தது.

"இல்லீங் டாக்டர்," என்றேன். "அது பொய். அவன் நல்லா இருந்தானுங்க. முந்தாநேத்து வரைக்கும் நல்லா இருந்தான்."

அக்கா என் கையைப் பிடித்தார், நிறுத்து என்பது போல. நிறுத்தவில்லை. டாக்டர் கேட்கக் கேட்கச் சொன்னேன். பால்? வயிறு முட்டக் குடிப்பான். எடை? நல்ல எடை, சப் சென்டரிலேயே சொன்னார்கள். உட்காருவானா? உட்காருவான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், சிரிப்பான், என்னை அடிப்பான். ஒவ்வொன்றாக என் மகனிடம் இருந்த நல்லதையெல்லாம் எடுத்து எடுத்துத் தெருவில் வைத்தேன்.

"சரி," என்றார் டாக்டர். "அப்ப இது நிமோனியா. இங்கயே தொடங்கலாம்."

ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். தடுப்பூசி எல்லாம் போட்டதா என்று கேட்டார். முதல் தடவைதான் போட்டது என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இந்தக் கிருமிக்கு எதிராகவும் அதில் ஒரு ஊசி இருக்கிறது, இவன் தேறியதும் விட்டுப்போனதையெல்லாம் போட வேண்டும் என்றார். வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். கேஸ் அடுப்புதான், குளிக்க வைத்தபின் சாம்பிராணி, கண் கழிக்க மிளகாய் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இருமுகிற பிள்ளைக்கு முன்னாலா என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இவன் முதல் பிள்ளையா என்றார். இல்லை, ஒரு மகள் இருந்தாள் என்றேன். என்னாச்சு என்றார். கண் பட்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த இடத்தில், அந்தக் குழாய்களுக்கு நடுவில் அதைச் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். சளி, காய்ச்சல், காய்ச்சல் விட்டது, பால் குடிக்கவில்லை, மூச்சு.

"அவளுக்கும் இங்க இப்படி உள்ள போச்சா?" என்று மகனின் விலாவைத் தொட்டுக் காட்டினார்.

போனது. எங்கே பார்த்தேன் என்று காலையில் நினைக்க மறுத்தேன் அல்லவா, அங்கேதான் பார்த்திருந்தேன். என் மடியில். ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பார்க்க வேண்டிய ஒன்று என்று எனக்குத் தெரியாது. கழுத்தில் கை வைத்து, காய்ச்சல் இல்லை என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மகனின் சட்டையை இறக்கிவிட்டார். பிறகு, பிறந்து முதல் மாதத்தைத் தாண்டிவிட்ட சின்னப் பிள்ளைகளை உலகம் முழுக்க அதிகமாகக் கொண்டுபோகிற நோய்களில் இதுவும் ஒன்று, வயிற்றுப்போக்கு இன்னொன்று என்றார். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, பெரிய மருந்துகூட இல்லை, நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். மகனுக்கு அது ஆறுதல்.

என் வீட்டுக்காரர் காய்கறி லோடோடு வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அன்றும் மறுநாளும் நாங்கள் மகனின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளம் ஆழம் குறைந்தது. அதற்கடுத்த நாள் காலையில் பாலுக்கு வாயைத் திறந்தான். குடித்துக்கொண்டே என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். வார்டில் எல்லாரும் பார்த்தார்கள், ஒரு அம்மாள் கைதட்டினார். என் வீட்டுக்காரர் சிரித்தும் அழுதும், கை கொள்ளாமல் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். அக்கா மட்டும் டீயை வாங்கி வைத்துவிட்டு, மகனின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

மகளைப் பற்றி டாக்டர் கேட்டதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். கண் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்த மூன்று நாளில்தான் எனக்குத் தெரிந்தது. கண் என்றால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த ஆறுதலை வைத்துத்தான் அந்த மனிதர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஒளித்துப் பேசிப் பேசி நாங்கள் எங்கே வந்து நின்றோம் என்பதும் எனக்குத் தெரியும். டீ குடித்து முடித்ததும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பவே இங்க கொண்டாந்திருந்தா," என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வண்டியில் தக்காளி வாடிவிடும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தக்காளியை அவர் முதல் நாளே வேறொருவரிடம் இறக்கிக் கொடுத்திருந்தார்.

மகனுக்கு இப்போது மூன்று வயதாகப் போகிறது. விட்டுப்போன ஊசிகளை எல்லாம் அதே வராந்தாவில், அதே தராசுக்குப் பக்கத்தில் போட்டாகிவிட்டது. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவன் இருமினால் இன்றும் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்கள் கண்ணும் கண்தானே. இருந்தாலும் எழுதுகிறேன். அவன் நன்றாக இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், நல்ல எடை.

அவளும் நன்றாகத்தான் இருந்தாள். அதையும் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கொழுகொழுவென்று இருந்தாள், குரல் கேட்டாலே சிரிப்பாள். சளி பிடித்தது, மூச்சு வாங்கியது, விலா உள்ளே போனது. வீட்டில் பெரியவர்கள் அத்தனை பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.